13.8 வோல்ட்டும் ஒரு இரவல் ரேடியோவும்

ஹாம் ரேடியோ பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து அடிக்கடி வர்ற கேள்வி: "ரேடியோ இருக்கு, அதுக்கு பவர் சப்ளையை நானே செய்யலாமா?" செய்யலாம். நானும் செஞ்சேன். ஒரு ரேடியோவைக் கொன்னேன். என்னோடது இல்ல, க்ளப்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் இரவல் கொடுத்தது.

100 வாட் ஹெச்.எஃப். ரேடியோ, சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான் எடுக்கும். பேச பட்டனை அமுக்கினா 20 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அப்பவும் 13.8 வோல்ட் அசையக் கூடாது. மலிவான எஸ்.எம்.பி.எஸ். வாங்கினா அதோட இரைச்சல் ரிசீவர்ல கேக்கும். அதனால லீனியர்தான்னு முடிவு பண்ணேன். கையால செய்யற ஆசையும் உண்டு, மறைக்க வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு 18 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வாங்கினேன். தூக்கிட்டு வந்ததுல தோள் போச்சு. அடுத்து கப்பாசிட்டர் 68,000 மைக்ரோஃபாரட். ஏன் அவ்வளவு பெருசு? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ரெக்டிஃபை பண்ணா 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் கப்பாசிட்டர் நிரம்பும். நடுவுல 20 ஆம்பியரை அதுவேதான் கொடுக்கணும். இந்த அளவு இருந்தும் 3 வோல்ட் ஏறி இறங்கும்.

வோல்டேஜைக் கட்டுப்படுத்த எல்.எம்.723 ஐ.சி. பாரத்தைச் சுமக்க நாலு 2என்3055 ட்ரான்சிஸ்டர். லோடுல உள்ளே 20 வோல்ட், வெளியே 13.8ன்னு வைங்க. மிச்சம் 6 வோல்ட்டை 20 ஆம்பியரால பெருக்கினா 120 வாட்டுக்கு மேல. அத்தனையும் சூடா ஹீட் சிங்க்குக்குத்தான் போகும்.

தப்பு இங்கதான். நாலு ட்ரான்சிஸ்டரையும் நேரடியா பேரலல்ல இணைச்சுட்டேன். எது கொஞ்சம் அதிகமா சூடாகுதோ, அது இன்னும் அதிக கரன்ட்டை எடுக்கும். எடுக்க எடுக்க இன்னும் சூடாகும். கடைசியில ஒண்ணே மொத்தத்தையும் சுமந்து செத்துடும். ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தா போதும். 5 ஆம்பியருக்கு அரை வோல்ட் அதுல விழும், பங்கு சமமாகும்.

செத்த ட்ரான்சிஸ்டர் ஓபன் ஆகியிருந்தா பரவாயில்ல. பெரும்பாலும் ஷார்ட்தான் ஆகும். அன்னிக்கு ராத்திரி பேசி முடிச்சு பட்டனை விட்டேன். லோடு குறைஞ்சதும், கப்பாசிட்டர்ல இருந்த 24 வோல்ட் அப்படியே ரேடியோவுக்குள்ள போச்சு. ஒரு வாசனை, அவ்வளவுதான். ஃப்யூஸ் அப்படியே இருந்தது. ஃப்யூஸ் கரன்ட்டைத்தான் பார்க்கும், வோல்டேஜைப் பார்க்காதே!

மறுநாள் ரெண்டையும் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் ரேடியோவைத் தொடவே இல்ல. சப்ளையோட மூடியைத் திறந்தார். "தம்பி, க்ரோபார் எங்கே?"

க்ரோபார் ரொம்ப எளிமையான சர்க்யூட். ஒரு 15 வோல்ட் ஜீனர், ஒரு தடியான எஸ்.சி.ஆர். வெளியே வோல்டேஜ் 15-ஐக் கொஞ்சம் தாண்டினா, ஜீனர் எஸ்.சி.ஆரைத் தட்டி விடும். ஃப்யூஸுக்கும் ட்ரான்சிஸ்டர்களுக்கும் நடுவுல இருக்கிற எஸ்.சி.ஆர். சப்ளையையே ஷார்ட் பண்ணும். ஃப்யூஸ் போகும், ரேடியோ பிழைக்கும்.

ரிப்பேர் செலவை மாசாமாசம் கொஞ்சமா கொடுத்து அடைச்சேன். ரெண்டாவது சப்ளையில ரெசிஸ்டர், க்ரோபார் ரெண்டும் உண்டு. ரேடியோ இணைக்காம, அண்ணன் முன்னாடி வோல்டேஜை மெதுவா ஏத்தினேன். 14.5... 15... டப்! ஃப்யூஸ் போச்சு. "இன்னொரு ஃப்யூஸ் போடு, திரும்ப ஏத்து"ன்னார். மூணு தடவை பார்த்துட்டுத்தான் ரேடியோவைக் கையில கொடுத்தார்.