முனைச் சுவர்

2013 நவம்பர். ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் முனை. ஒரு பக்கச் சுவரில் கைப்பையோடு ஒய்யாரமாக நடந்து வருகிறாள் ஒரு லெகோ பொம்மைப் பெண். முனை திரும்பினால், கத்தியோடு பதுங்கி நிற்கிறான் லெகோ திருடன்! வரைந்தவர் எர்னஸ்ட் சக்கரேவிச், லித்துவேனியாக்காரர். 2012-ல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்தாரே, அவரேதான். ஜொகூர் பாரு மாநகர் மன்றம் சில நாளிலேயே படத்தை அழித்துவிட்டது. அதற்குள் அது உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

எனக்குப் பிடித்தது அந்த முனைதான். அது இல்லாவிட்டால் கதையே இல்லை. புத்தக அட்டை வரைகிறவருக்கும் அப்படியொரு முனை உண்டு: புத்தகத்தின் முதுகு. பெண்ணை முன்னட்டையில் நடக்கவிட்டு, திருடனைப் பின்னட்டையில் ஒளித்துவைக்கலாம். அட்டையை வரையுமுன், முதலில் தீப்பெட்டி அளவில் பத்துப் பதினைந்து கிறுக்கல்கள். அந்த அளவில் விளங்காத படம் கடை அலமாரியிலும் எடுபடாது.

அட்டையை ஒருவரே வரைந்துவிடலாம்; பள்ளிச் சுவர் என்றால் ஓவியர் தனியாள் இல்லை. படத்தைப் பெரிதாக்க, தாளில் ஓரங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். கலர்ப்பொடி தடவிய நூலை இரண்டு மாணவர்கள் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். கட்டத்துக்கு ஒரு பிள்ளை. கோடு கொஞ்சம் கோணினால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்!

ஆசிரியர்களே, பிள்ளைகளுக்குச் சுவர் கொடுக்கும்போது, முனையுள்ள சுவராகப் பார்த்துக் கொடுங்கள்.