இரட்டைக் கருவும் ஒரு நாள் அவகாசமும்



கேள்வி கேட்க நாம் பழகியது இந்தப் பாடசாலையில்தான். இன்றைய பேச்சும் ஒரு கேள்வியைப் பற்றியதே. 31ஆவது வாரத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற தாயொருவர் வார்ட்டில் எங்களிடம் கேட்டார்: "டொக்டர், நான் படியேறினதாலயோ இப்பிடி வந்தது?" பல வாரங்கள் கட்டிலோடு கிடந்தவர் அவர். குளியலறைக்குப் போக மூன்று படிகள் இருந்தன. வீட்டாரும் அந்தப் படிகளையே குறை சொன்னார்கள்.

படிகளில் குற்றமில்லை. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்னரே பிறக்கிறார்கள். கருப்பை அளவுக்கு மீறி விரிவது அதற்கொரு காரணம். படுத்தே இருப்பது இதைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தைத்தான் அது கூட்டும். இரட்டை என்பதற்காக மாத்திரம் கருப்பைக் கழுத்துக்குத் தையல் போடுவதாலும் பயனில்லை. கழுத்தின் நீளம் குறைந்திருப்பது ஸ்கானில் தெரிந்தால், சிலருக்குப் புரோஜெஸ்தரோன் மருந்து உதவலாம்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, 14 வாரத்துக்குள் ஸ்கான். உயிரியல் வகுப்பில் படம் வரைந்து படித்தோமே, அந்தச் சூல்வித்தகம் இருவருக்கும் ஒன்றா, தனித்தனியா என்பதை அப்போதே அறிய வேண்டும். ஒன்றாயின் கூடுதல் கண்காணிப்புத் தேவை.

இரண்டாவது, அறிகுறிகளை அறிந்திருத்தல். வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நாரி உளைந்தாலோ, நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் லிக்கின்ஸ், ஹௌவி என்ற வைத்தியர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்வின் பயனாக, தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டுக் குழந்தைகளின் நுரையீரலை முதிரச் செய்கிறோம். அதன் முழுப் பயன் கிடைக்க ஏறத்தாழ 24 மணித்தியாலங்கள் வேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்குத் தாயை மாற்றவும் அந்த அவகாசம் வேண்டும். பிரசவத்தை நிறுத்த முடியாதபோதும் அந்த ஒரு நாள் உயிர் காக்கும்.

மூன்றாவது, செயற்கைக் கருத்தரிப்பை நாடும் சகோதரிகளுக்கு. எங்கு வாழ்ந்தாலும், ஒரு தடவைக்கு ஒரு முளையம் போதுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். இரட்டைக் கருவைக் குறைக்க நம் கையிலுள்ள உறுதியான வழி அதுவே.

இறுதியாக ஒன்று. குறைமாதத்தில் பெற்றவளைப் பார்க்கப் போகும்போது, "என்ன செய்தனீ?" என்று கேளாதிருப்போம். "உன்னில் பிழையில்லை" என்று சொல்லுவோம். அதுவும் வைத்தியம்தான்.