எரியாத விளக்கும் எச்சரிக்கைதான்

(திமிரியில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் வரைக்கும் இந்த இடத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் பேசினோம். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "உங்களுக்கு எதுக்குங்க மெக்கானிக் வேலை?" என்று பின்னாடி உட்கார்ந்திருக்கிற அக்கா சிரிக்கிறாங்க. நாங்கள் சமூகப்பணி படித்தவர்கள்தான், ஸ்பேனர் பிடித்தவர்கள் இல்லை. ஆனால் கடன் போட்டு வாங்கின வண்டி நின்றால் தவணையும் நின்றுபோகுது. அப்போது அது எங்கள் வேலையும் ஆகிவிடுகிறது.

நடந்ததைச் சொல்கிறோம். நம் பக்கத்துக் குழு ஒன்று, ஊர் பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களை ஏற்றிப்போக ஒரு பழைய வேன் வாங்கியது. வாங்கும்போது டயர் பார்த்தோம், ஆர்.சி. புத்தகம் பார்த்தோம், இன்சூரன்ஸ் பார்த்தோம். நாங்களும் கூடவே நின்றோம். சாவி போட்டதும் மீட்டர் போர்டில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. "சிவப்பு லைட்டே எரியலை, வண்டி சுத்தமா இருக்கு" என்று சந்தோஷப்பட்டோம்.

ஐந்தாவது மாதம், காலை ஷிப்டுக்குப் போகும்போது, ஆற்காடு ரோட்டில் இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. ஆயில் ஒழுகி வற்றி, பேரிங் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒரு ஒயரை எடுத்துக் காட்டினார். ஆயில் விளக்குக்குப் போகிற ஒயர். நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கட்டி வைத்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே என்று முன்னாடி யாரோ பிடுங்கி விட்டிருக்கிறார்கள். இன்ஜின் வேலைக்கான பணம் குழுவின் சேமிப்பிலிருந்துதான் போனது. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த விளக்கின் கணக்கு எளிதானது. சாவி போட்டால் பேட்டரி மின்சாரம் பல்புக்கு வருகிறது. பல்பிலிருந்து ஒரே ஒரு ஒயர், இன்ஜினில் இருக்கிற ஆயில் பிரஷர் சுவிட்சுக்குப் போகிறது. இன்ஜின் ஓடாதபோது ஆயில் அழுத்தம் இல்லை. சுவிட்ச் அந்த ஒயரை இன்ஜின் இரும்போடு சேர்த்துவிடுகிறது, விளக்கு எரிகிறது. இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறினால் சுவிட்ச் விடுபடும், விளக்கு அணையும். ஆகவே ஸ்டார்ட் பண்ணும் முன்னால் எரியணும், பண்ணின சில நொடியில் அணையணும். முன்னால் எரியாத விளக்கு ஆபத்து வந்தாலும் எரியாது.

இது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் அழுத்தம் ரொம்ப இறங்கின பிறகுதான் எரியும். ஓடும்போது எரிந்தால் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க.

சரி, சாவி போட்டும் எரியவில்லை. என்ன செய்வது? மற்ற விளக்குகளும் எரியவில்லை என்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். மற்றது எரிகிறது, இது மட்டும் இல்லை என்றால், இன்ஜின் ஆஃப், சாவி ஆன். சுவிட்சில் இருக்கிற ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. எரியாவிட்டால் பல்ப் போயிருக்கும், இல்லை ஒயர் எங்கோ அறுந்திருக்கும்.

அணையாமல் எரிகிறதா? முதலில் சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தால், இன்ஜினை ஓடவிடாமல் சாவி மட்டும் போட்டு அதே ஒயரைக் கழற்றி எதிலும் படாமல் பிடியுங்கள். அப்பவும் எரிந்தால் ஒயர் வழியில் தேய்ந்து பாடியில் தொடுகிறது. திமிரியிலேயே ஒரு சகோதரியின் காருக்கு "இன்ஜின் பிரிக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். இப்படிப் பார்த்ததில் தேய்ந்த ஒயர்தான் என்று தெரிந்தது. ஒயரைக் கழற்றியதும் அணைந்தால் மட்டும் நாமே முடிவு பண்ணக்கூடாது. சுவிட்ச் கெட்டிருக்கலாம், அழுத்தமே உண்மையில் இறங்கியும் இருக்கலாம். மெக்கானிக் பிரஷர் கேஜ் வைத்து அளந்து சொல்லும் வரை வண்டி எடுக்க வேண்டாம்.

பேட்டரி விளக்குக்கும் இதே பார்வைதான். பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகப் போகிற சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். பல்ப் போனால் சார்ஜும் நின்றுபோகலாம். பிரேக் விளக்கு பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் எரியும், விட்டால் அணையும். விட்ட பிறகும் எரிந்தால் பிரேக் ஆயிலைப் பாருங்கள்.

ஒயரைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் பழைய, பல்ப் வைத்த வண்டிக்கு மட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பலவற்றில் விளக்கைக் கம்ப்யூட்டர் பெட்டிதான் எரிய வைக்கிறது. அதை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கின் ஒயரில் எந்தக் காரணத்துக்கும் கை வைக்காதீர்கள்.

வண்டி வைத்திருக்கிற குழுக்கள் தீர்மான நோட்டில் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் டிரைவர் சாவி போடும்போது ஒரு உறுப்பினர் பக்கத்தில் நின்று எது எரிகிறது, எது அணைகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடணும். அந்தக் குழு இப்போது அப்படித்தான் செய்கிறது. அவர்களுக்கு இன்னும் 9 தவணை பாக்கி. அடுத்த கூட்டத்துக்கு அந்த வேனை இங்கேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், ஒயரை நீங்களே கழற்றிப் பார்க்கலாம்.