தலைகுந்தாவில் விடியும் முன்

தை முடியப் போகிறது. சமவெளியில் இருக்கும் நீங்கள் கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள். நீலகிரியில் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சு வீட்டைத் துளைக்கிற அந்தப் பனி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களைத் தலைகுந்தாவுக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால், கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலை பிரிகிற இடம் அது. காலை ஐந்தரை மணிக்குப் போய் நில்லுங்கள். இருட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஓரடி எடுத்து வைத்தால் காலுக்கடியில் புல் நொறுங்கும், அப்பளம் உடைகிற மாதிரி. கிழக்கு வெளுக்க வெளுக்கத்தான் பள்ளம் முழுவதும் உப்புப் பூத்துக் கிடப்பது தெரியவரும். நிறுத்தி வைத்த ஜீப்பின் கண்ணாடியிலும் அதே வெள்ளை. விரலால் சுரண்டினால் துகளாக உதிரும்.

மலைக்காரர்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். குளிர் தொடங்கும்போது விழுவது நீர்ப்பனி. அது முற்றி, விழுந்த இடத்திலேயே கெட்டிப்படுவது உறைபனி. நீர்ப்பனியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உறைபனி என்றால் விவசாயிக்குத் தூக்கம் வராது.

உயரம் கூடினால் பனி கூடும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். உதகை நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். ஆனாலும் சிகரம் பச்சையாக இருக்கிற விடியலில் கீழே குதிரைப் பந்தய மைதானமும் காந்தல் பகுதியும் வெளுத்துக் கிடக்கும். நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேலே மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். இல்லையென்றால் பெரும்பகுதி போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். வானொலியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று கேட்டுவிட்டு, அப்படியானால் உறைந்திருக்காதே என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பமானி இருப்பது தரையிலிருந்து நாலடி உயரத்தில், பெட்டிக்குள். புல்நுனியில் குளிர் அதைவிடக் கடுமை.

சரி, வரும் நாட்கள் எப்படி இருக்கும்? மாலை ஆறு மணிக்கு வாசலுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். வானம் துடைத்து வைத்தது போல இருந்து, யூகலிப்டஸ் இலைகூட அசையவில்லை என்றால் மறுநாள் விடியல் வெள்ளைதான். இலங்கைக்குப் பக்கத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கிழக்குக் காற்று மேகத்தை இழுத்து வந்தால் இரவு கதகதப்பாகிவிடும்; பனியைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். விவசாயிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். மாசி பாதி வரைக்கும் இந்த இரண்டும் மாறி மாறி வரும். பகலில் 20 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். ஒரே நாளில் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவதை உடம்பு தாங்க வேண்டுமல்லவா? குழந்தைகளுக்குக் காதை மூடிக் கட்டுங்கள்.

உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காமல் போன கதைகளை இந்த மலையில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்னொன்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

தேயிலைத் தோட்டத்தில் பள்ளத்துச் செடிதான் முதலில் கருகும். பனி படிந்த இலை வெயில் பட்டதும் பழுத்து, இரண்டு நாளில் நெருப்பில் வாட்டியது போல ஆகிவிடும். சில்வர் ஓக் நிழல் உள்ள இடம் பெரும்பாலும் தப்பும். கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கும் இதே பயம். 1848-இல் அமைக்கத் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளை மாலையில் மிலார் என்னும் செடிகளால் மூடுகிறார்கள், காலையில் திறக்கிறார்கள். ஆனால் மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதே குளிரில் மெதுவாகத் துளிர்க்கிற கொழுந்துக்குத்தான் வாசம் அதிகம். குளிர்காலத் தூள் கிடைத்தால் பாலில்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், சொல்வது புரியும்.

பனியில் காய்ந்த புல் மாசிக் காற்றில் வைக்கோலாகிவிடும். அதன்பிறகு முதுமலைப் பக்கம் வனத்துறைக்கு உறக்கமில்லை. தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி வைத்துவிட்டுப் புகை எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகிற வழியில் தீக்குச்சியையோ பீடித் துண்டையோ எறிந்துவிடாதீர்கள்.

பனி அரித்த புல்வெளியில் வளைந்து நெளிந்து நிற்கும் ஒரு மரம் மட்டும் இப்போது ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. ரோடோடெண்ட்ரான், காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள். தலைகுந்தாவில் வெயில் ஏறி, வெள்ளையெல்லாம் ஆவியாகப் பத்து நிமிடத்தில் கிளம்பிப் போனபிறகு, அவசரப்பட்டு வண்டியைத் திருப்பாதீர்கள். சாலையோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அந்த மரத்தைத் தேடிப் போங்கள்.