பனியாறும் கடற்கரைச் சாலையும்



பயணம் இரு வகைப்படும். நம்மைப் பிறர் ஏற்றிச் செல்லும் பயணம் ஒன்று. நாமே வழி தேடிச் செல்லும் பயணம் மற்றொன்று. கப்பலில் செல்வோர்க்கு நேரமும் திசையும் கப்பல் தலைவர் வகுத்தவை. காரில் செல்வோரோ விரும்பிய இடத்தில் நிற்கலாம். விரும்பாத இடத்தைக் கடந்து போகலாம். இவ்விரண்டையும் ஒரே கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கொள்வதால் விளையும் பயன் யாது என்பதைக் குறித்தே இன்று உங்களோடு பேச விழைகிறேன். நான் கூறும் கப்பல் வழி, அமெரிக்க நாட்டின் அலாஸ்காவில் பனியாறுகள் கடலில் வந்து இறங்கும் வழி. சாலை வழியோ, வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே செல்லும் 101-ஆம் எண் நெடுஞ்சாலை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன் நான். பனியாறு பள்ளத்தாக்கைக் குடையும் முறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டியிருக்கிறேன். மார்கழிப் பனியையும் மீன் பெட்டியில் இடும் பனிக்கட்டியையும் மட்டுமே கண்ட பிள்ளைகள் அதனை நம்பிக்கையோடு எழுதிக்கொண்டார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சியாட்டில் நகரில் வாழும் என் மகளும் மாப்பிள்ளையும் அழைத்ததன் பேரில், அந்தப் படத்தின் உண்மை வடிவத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

பயணம் தொடங்கும் சியாட்டில் நகரமே பனியின் கைவேலை என்று சொல்லலாம். ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முன், இன்று அந்நகரம் நிற்கும் இடத்தின்மேல் சுமார் 3,000 அடி கனமுள்ள பனிப்படலம் கிடந்தது. கப்பல் புறப்படும் உள்நாட்டுக் கடலான பியூஜெட் சவுண்டு, அந்தப் பனி அரித்துச் சென்ற பள்ளம். அங்கிருந்து வடக்கே சென்று திரும்ப ஏழு நாட்கள் ஆகும். வழியில் கனடா நாட்டின் விக்டோரியா துறைமுகத்திலும் பல கப்பல்கள் நிற்கும். இதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டின் ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலொன்று அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவர்களைச் சுற்றிக் காட்டி அங்கேயே கொண்டுவந்து இறக்குமாயின், இடையே ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே நம் நாட்டவர் கனடாவின் விசாவையும் முன்னரே பெற்றிருத்தல் நலம்.

இப்பயணத்தின் சிகரம் கிளேசியர் பே எனப்படும் பனியாற்று விரிகுடா. 1794-ஆம் ஆண்டில் கேப்டன் வான்கூவரின் மாலுமிகள் அப்பகுதிக்கு வந்தபோது அங்கே விரிகுடாவே இல்லை. பனிச் சுவர் ஒன்று கடலை மறித்து நின்றது; கரையில் 5 மைல் அளவுக்கு ஒரு சிறு வளைவு மட்டுமே இருந்தது. 1879-இல் இயற்கை அறிஞர் ஜான் மியூர் அங்குச் சென்றபோது, பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-க்குள் 60 மைலுக்கும் அப்பால் போய்விட்டது. இன்று கப்பல் செல்லும் நீர்வழி முழுவதும் முன்பு பனியாக இருந்த இடம்.

இதில் ஓர் அரிய பாடம் அடங்கியிருக்கிறது. விரிகுடாவின் வாயிலில் வானளாவிய ஊசியிலைக் காடு நிற்கிறது. உள்ளே செல்லச் செல்ல மரங்கள் குறுகிப் புதர்களாகின்றன, பின்னர்ப் பாசியாகின்றன, கடைசியில் பனி விட்டுச்சென்ற வெறும் பாறை மட்டும் எஞ்சுகிறது. வாயிலில் உள்ள நிலம் பனியிலிருந்து விடுபட்டு 200 ஆண்டுகளுக்கு மேலாயின. உள்முனையில் உள்ள நிலம் அண்மையில் விடுபட்டது. ஆகையால் ஒரே பகற்பொழுதில் நாம் இரண்டு நூற்றாண்டுகளைப் பின்னோக்கிக் கடக்கிறோம். வெறும் பாறை காடாக மாறும் வரலாற்றை 1916 முதல் அங்கேயே அளந்து ஆராய்ந்தவர் வில்லியம் கூப்பர் என்னும் தாவரவியலார். அவரும் அவரைப் போன்றோரும் வாதாடியதன் விளைவாக 1925-இல் அவ்விடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஒரு நாளில் இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. பூங்கா அலுவலர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலில் ஏணி வழியே ஏறி, பயணிகளுக்கு அனைத்தையும் விளக்குகிறார்கள்.

உள்முனையில் மார்ஜரி பனியாறு இருக்கிறது. அதன் நீளம் சுமார் 21 மைல். கடலைத் தொடும் முகப்பின் அகலம் ஏறத்தாழ 1 மைல். நீருக்கு மேல் உயரம் 250 அடி. அதன் நிறம் வெண்மையன்று, நீலம். ஆண்டுக்கணக்கில் அழுந்திய பனியில் காற்றுக் குமிழிகள் குறைந்துபோகின்றன. அத்தகைய கட்டி செந்நிற ஒளியை விழுங்கி நீலத்தை வெளிவிடுகிறது. திடீரென்று முகப்பின் ஒரு பகுதி பிளந்து கடலில் வீழ்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் கன்று ஈனுதல் என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குகின்றனர். முதலில் கண் வீழ்ச்சியைக் காண்கிறது. சில நொடிகள் கழித்தே இடிமுழக்கம் காதை எட்டுகிறது. கப்பலின் மேல்தளத்தில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் அந்தச் சில நொடிகள் மூச்சடக்கி நின்றதை நான் கண்டேன்.

ஆனால், இக்காட்சியை வெறும் வேடிக்கையாகக் கருதிவிடலாகாது. இவ்விரிகுடா ஒரு மக்களின் தாயகம். ஹூனா திலிங்கிட் என்னும் பழங்குடியினர் அங்கே ஊர் அமைத்து வாழ்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை விரட்டியது. ஓடும் நாயின் விரைவோடு பனி வந்தது என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பனி பின்வாங்கிய பிறகு மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் அவர்கள் திரும்பி வந்தனர். அப்போது அவர்களைத் தடுத்தது பாதுகாப்புச் சட்டம். கடற்பறவை முட்டைகளைச் சேகரிக்கும் பழைய உரிமையை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு மீட்டுத் தந்தது. 2016-இல் விரிகுடாவின் வாயிலில் அவர்களுடைய குலமனை எழுந்தது. இயற்கையைக் காக்க முற்படுவோர், அங்கு வாழ்ந்தவர்களையும் நினைத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றொரு கேள்வியும் எழுகிறது. பனி உருகுவதற்கு நாம்தாம் காரணமா? 1794-க்கும் 1879-க்கும் இடையே இவ்விரிகுடாவில் பனி பின்வாங்கியது பெரும்பாலும் இயற்கையின் செயல். ஆனால் அண்மைப் பல பத்தாண்டுகளில் அலாஸ்கா முழுவதும் பனியாறுகள் விரைந்து மெலிவதற்கு மனிதன் எரித்த எண்ணெயும் நிலக்கரியும் முதன்மைக் காரணம் என்று அறிவியலார் தெளிவுபடுத்தியுள்ளனர். நாம் ஏறிச் செல்லும் கப்பலின் புகையும் அந்தக் கணக்கில் சேரும். இதன் விளைவை ஜூனோ நகரத்தார் நன்கு அறிவர். வெளியூர்ச் சாலையே இல்லாத அந்தத் தலைநகரின் ஓரத்தில் மென்டன்ஹால் பனியாறு இருக்கிறது. அதன் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும் உருகுநீர் பனியின் அடியே வழிகண்டு வெளிப்படும்போது ஆறு பெருகுகிறது. 2023 ஆகஸ்டில் அவ்வாறு பெருகிய வெள்ளத்தில் கரை இடிந்து வீடுகள் ஆற்றில் சரிந்தன. நான் கண்டு திரும்பிய இரண்டே திங்களில், 2024 ஆகஸ்டில், நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. 2025 ஆகஸ்டில் வெள்ளம் இன்னும் உயர்ந்தது. ஆயினும் முன்னதாக அமைத்த தடுப்பரண் ஊரைப் பெரும்பாலும் காத்தது. நமக்குக் காட்சியாக இருப்பது அவர்களுக்கு வாசற்படிப் பிரச்சினை என்பதை மறவாதிருப்போமாக.

கப்பல் மீண்டும் சியாட்டில் வந்து சேர்ந்தது. “அப்பா, ஏழு நாள் சுற்றியது போதாதா? இன்னும் பத்து நாள் காரில் அலைந்தால் உங்கள் முழங்கால் தாங்குமா?” என்று மகள் கேட்டாள். “அம்மா, பாடத்தின் முற்பகுதியைத்தான் படித்திருக்கிறோம், பிற்பகுதி சாலையில் அல்லவா இருக்கிறது?” என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஏன் அதனைப் பிற்பகுதி என்றேன் தெரியுமா? அலாஸ்காவில் நாம் கண்டது நிலத்தின் குழந்தைப் பருவம். தெற்கு நோக்கிச் செல்லும் சாலை, அதன் இளமையையும் முதுமையையும் காட்டுகிறது. முதலில் ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்யும் இடம்; கிளைதோறும் பாசி தாடியைப் போல் தொங்குகிறது. அதன் நடுவே ஓடும் ஹோ ஆறு, பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறது. ஒலிம்பஸ் மலையின் பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவே அந்த வெண்மை. கப்பலில் கண்ட அதே நிறத்தைச் சாலையோரத்தில் கண்டபோது, இரண்டு பயணங்களும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் 1966-இல் திறக்கப்பட்ட 4 மைல் நீளப் பாலத்தைக் கடந்தால் ஆரிகன் மாநிலம். பெரும்பனிப் படலம் எட்டாத நிலம் அது. அங்கே பாறைகளைச் செதுக்குவது அலை. அம்மாநிலத்தின் பெருமை அதன் கடற்கரை எவருக்கும் தனியுடைமை ஆகாமையே. 1913-இல் ஆளுநர் ஆஸ்வால்டு வெஸ்டு, கடற்கரை முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று சட்டப்படி அறிவிக்கச் செய்தார். சாலைகள் அரிதாயிருந்த அக்காலத்தில் மக்கள் ஈரமணலின்மீதே பயணம் செய்தனர். 1966-இல் ஒரு விடுதியார் தம் விடுதியின் முன்னிருந்த உலர்மணலுக்கு வேலியிட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் பயனாக 1967-இல் ஆளுநர் டாம் மக்கால் கையெழுத்திட்ட சட்டம், புல் முளைக்கும் எல்லை வரையுள்ள மணலிலும் பொதுமக்களின் உரிமையைக் காத்தது. நாங்கள் எந்த ஊரில் நிறுத்தினாலும், யாரையும் கேளாமல் கடற்கரையில் இறங்கி நடந்தோம். அந்த நடைக்குப் பின்னே ஒரு வழக்கும் ஒரு சட்டமும் இருந்தன.

கலிபோர்னியாவின் வடபகுதியில் செம்மரக் காடுகள் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் ரெட்வுட் எனப்படும் இம்மரங்கள் நம் நாட்டுச் செம்மரத்தினின்றும் வேறானவை. அவற்றில் மிக உயர்ந்தது சுமார் 380 அடி. சில 2,000 ஆண்டுகள் கடந்தும் வாழ்பவை. கரையோரத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் பரந்திருந்த முதுகாட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு. மீதியைக் கோடரியும் வாளும் தின்றன. 1918-இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கத்தாரின் உழைப்பும், 1968-இல் அமைந்த தேசியப் பூங்காவும் இல்லையென்றால் அந்த ஐந்து பங்கும் எஞ்சியிராது.

இனி, செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். கப்பலை முதலிலும் சாலையைப் பின்னரும் வையுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திராது. சாலையிலோ ஒரு நாள் முன்பின் ஆனாலும் குற்றமில்லை. கரையோரச் சாலைகள் என்றும் நிலையானவை அல்ல. ஹோ காட்டுக்குச் செல்லும் சாலையை 2024 டிசம்பரில் அந்த ஆறே அரித்துச் சென்றது. 2025 மே திங்களில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. தெற்கே பிக் சர் பகுதியில் 2017-இலும் 2021-இலும் மலைச்சரிவால் வழி அடைபட்டது. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். எனினும் கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் கட்டாயம் வேண்டும். சியாட்டிலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை கரையோரமாகச் செல்லப் பத்து நாட்களேனும் ஒதுக்குங்கள். இரண்டையும் இணைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. இரு முறை கடல் கடந்து பறக்க வேண்டியதை ஒரு முறையில் முடிக்கலாம். பணமும் மிச்சம், புகையும் குறைவு.

அன்பர்களே, வெறும் பாறையில் முதற் பாசி படர்வதையும், 2,000 ஆண்டு மரம் நிமிர்ந்து நிற்பதையும் ஒரே பயணத்தில் கண்டவன் ஓர் உண்மையை உணர்வான். காலம் மெல்ல மெல்ல வளர்ப்பதை மனிதன் ஒரே தலைமுறையில் அழிக்கவும் கூடும், காக்கவும் கூடும். மணலையும் மரத்தையும் காக்க ஓர் ஊராரின் எழுச்சியும் ஒரு சட்டசபையின் துணிவும் போதுமாயிருந்தன. பனிக்கு அது போதாது. வேலியிட்டுக் காக்கக்கூடிய பொருளன்று அது. அதனைக் காக்க எல்லா நாடுகளும் எல்லா ஊர்களும் ஒன்றுபட வேண்டும். விளக்கை அணைப்பது முதல் எரிபொருளை மாற்றுவது வரை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த வேலை தொடங்க வேண்டும். கண்டு வந்தவர்களுக்கு அந்தக் கடமை மற்றவர்களைவிடச் சற்று மிகுதி என்றே கருதுகிறேன்.