மருந்தில்லா வைத்தியமும் மனச்சோர்வும்

(கோவை மில் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மனச்சோர்வு என்னும் வியாதிக்கு மருந்தில்லாமல் வைத்தியம் உண்டா என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்த வைத்தியம் கோயிலில் கிடைப்பதில்லை. சூரண டப்பாவிலும் கிடைப்பதில்லை. வியாதிக்காரர் தனியே உட்கார்ந்து செய்து கொள்ளக் கூடியதுமல்ல. அது எங்கே கிடைக்கிறது, அதை யார் தடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதைத் தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் வியாதி இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். துக்கம் எல்லோருக்கும் வரும். கடன் ஏறினால், விளைச்சல் போனால், வீட்டில் சாவு நேர்ந்தால் அழாதவர் யார்? அது வியாதியல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் நாளெல்லாம் மனம் இருண்டு கிடப்பதும், முன்பு பிரியப்பட்ட காரியம் எதுவும் ருசிக்காமற் போவதும், தூக்கமும் பசியும் கெடுவதும், எழுந்து பல் விளக்குவதற்குக் கூடச் சக்தியில்லாதது போலிருப்பதும், “நான் ஒன்றுக்கும் உதவாதவள்” என்ற எண்ணம் ஓயாமல் அரிப்பதும், “செத்தால் தேவலை” என்று தோன்றுவதுமாகப் பல சேர்ந்து வருமானால் அது வியாதி. 2015-16-ம் வருஷத்தில் பெங்களூர் மனநல ஸ்தாபனத்தார் நமது நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாகாணங்களில் எடுத்த கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் இருபது பேருக்கு ஒருவர் ஆயுளில் எப்பொழுதாவது இதற்கு ஆளாகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை.

ஏன் பெறுவதில்லை? நம்மவர்களிடம் இதற்குப் பெயர் வேறு. ஆண் படுத்துக் கிடந்தால் சோம்பேறி. பெண் படுத்துக் கிடந்தால் கொழுப்பு. கொஞ்சம் இரக்கமுள்ள வீடாயிருந்தால் காத்து கருப்பு, செய்வினை, ஏழரைச் சனி. பிறகு உடுக்கையடித்துத் தலை மயிரைப் பிடித்து ஆட்டி, வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் நறுக்கித் தாயத்துக் கட்டி அனுப்புகிறான். அவளுக்கு வியாதியும் போகவில்லை. வீட்டில் கோழியும் மிச்சமில்லை.

இதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதை மறக்காதீர்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். தர்காவானாலும், கோயிலானாலும், ஜெபக் கூட்டமானாலும், வியாதிக்காரனைக் கட்டிப் போட்டுவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கும் மூடத்தனம் ஒன்றே தான். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்து விட்டது. சட்டம் வந்ததற்கு 28 உயிர் போதாதா? நம் புத்தியிலும் அது ஏற வேண்டாமா?

நிற்க. பேயை விட்டவர்கள் எல்லோரும் பகுத்தறிவுக்கு வந்து விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்பொழுது ஒரு புது மதம் கிளம்பியிருக்கிறது. அதற்கு “இயற்கை” என்று பெயர். எது இயற்கையோ அது நல்லது. எது டாக்டர் கொடுப்பதோ அது விஷம் என்பது அதன் வேதம். காலராக் கிருமி கூட இயற்கை தான். அதற்காக யாராவது அதைக் கரைத்துக் குடிக்கிறார்களா? ஐரோப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு மஞ்சள் பூச்செடி இருக்கிறது. இலேசான மனச்சோர்வுக்கு அது பலனளிப்பதாகப் பரீட்சைகள் உண்டு. ஆனால் அதே செடி கர்ப்பத்தடை மாத்திரை முதல் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து வரை பலவற்றின் வேலையைக் கெடுத்து விடுகிறது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டாலோ ஆபத்தே வரலாம். ஆதலால் இயற்கையா செயற்கையா என்பது கேள்வியல்ல. பரீட்சித்துப் பார்த்தார்களா, என்ன கண்டார்கள் என்பது தான் கேள்வி.

அப்படிப் பரீட்சித்துப் பார்த்த சங்கதிகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உடம்பை அசைப்பது. 1999-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் மனச்சோர்வுள்ள ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரை. ஒரு கூட்டத்தாருக்கு வாரம் மூன்று தடவை வேகமாக நடப்பது அல்லது ஓடுவது. மற்றொரு கூட்டத்தாருக்கு இரண்டும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சீக்கிரமாகக் குணம் தெரிந்தது. ஆனால் பதினாறு வாரம் முடிந்தபொழுது மூன்று கூட்டத்தாருக்கும் குறிப்பிடத் தக்க வித்தியாசமில்லை. 2024-ல் இம்மாதிரிப் பரீட்சைகள் 218-ஐ, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பங்கு கொண்டவற்றை, ஒன்று சேர்த்துப் பார்த்து, நடை, ஓட்டம், யோகாசனம், பளு தூக்குதல் ஆகியவை பலனளிப்பதாக எழுதினார்கள். அப்பரீட்சைகளில் பலவற்றில் குறைபாடுகள் உண்டு என்பதையும் அவர்களே எழுதினார்கள். தன் வைத்தியத்தின் குறையைத் தானே எழுதி வைத்த பூசாரி எவனையாவது நீங்கள் கண்டதுண்டா?

இரண்டாவது, செயல். மனச்சோர்வு ஒரு செக்கு. மனம் சோர்ந்ததால் வேலையை விடுகிறான், வெளியே போகாமலிருக்கிறான், நாலு பேரைப் பார்க்காமலிருக்கிறான். அதனால் சந்தோஷம் வரக்கூடிய வழியெல்லாம் அடைபட்டு மனம் இன்னும் சோர்கிறது. உற்சாகம் வந்த பிறகு எழுந்திருக்கலாமென்று காத்திருந்தால் அது வருவதேயில்லை. ஆதலால் உற்சாகமில்லாவிட்டாலும் சின்னக் காரியம் ஒன்றைக் குறித்த நேரத்தில் செய், நாளைக்கு இன்னொன்று, மனம் பின்னால் வரட்டும் என்பது இந்த வைத்தியம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரிடம் இதைப் பரீட்சித்து 2017-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை செய்தவர்கள் டாக்டர்களல்ல. மனநலப் படிப்பு ஏதும் முன்பு இல்லாத, இதற்கென்றே பழக்கப்பட்ட சாதாரண ஜனங்கள். ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில், இது கிடைத்தவர்களில் நூற்றுக்கு 64 பேரும், வழக்கமான கவனிப்பு மாத்திரம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேரும் தேறியிருந்தார்கள்.

மூன்றாவது, கேட்பதற்கு ஓர் ஆள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்னும் தேசத்தில் இவ்வியாதிக்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயர் “அதிகமாய் யோசித்தல்” என்பதாம். அங்கே மனநல டாக்டர்கள் மிகச் சிலர். ஆதலால் டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006-ல் பதினாலு பாட்டிமார்களைப் பழக்கி, ஆஸ்பத்திரி வாசலில் மரப் பெஞ்சி போட்டு உட்கார வைத்தார். வருகிறவர் தன் கஷ்டங்களைச் சொல்லுவார். பாட்டி உபதேசம் செய்யாமல், “இவைகளில் எதை முதலில் தீர்க்கலாம்? இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம்?” என்று கேட்பார். 573 பேரிடம் நடந்த பரீட்சையில் இது நல்ல பலன் தந்ததாக 2016-ல் வெளியாயிற்று.

தோழர்களே! நடை, வேலை, நாலு பேர் சிநேகம், கேட்பதற்கு ஓர் ஆள். கேட்டீர்களா, எவ்வளவு மலிவான மருந்துகள்! காசில்லை, கசப்பில்லை. பின் ஏன் நம் ஊரில் கிடைக்கவில்லை? இங்கு தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

“தினம் அரைமணி நேரம் வேகமாக நடந்து வா அம்மா” என்று டாக்டர் சொல்லுகிறார். அவள் யார்? ஒரு வீட்டின் மருமகள். காலையில் நாலு மணிக்கு எழுந்து, பால் கறந்து, சாணி அள்ளி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்குப் பணிவிடை செய்து, பனியன் கம்பெனிக்கும் போய் வருகிறவள். எதற்கென்று சொல்லாமல் தெருவில் தனியாக நடந்தால் “எவனைப் பார்க்கப் போனாள்?” என்று கேட்கிற ஊர் இது. அவளுக்கு அரைமணி நேர நடையை எந்தக் கடையில் வாங்குவது? மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்குச் “சிநேகிதிகளோடு வெளியே போய் வா” என்று சொன்னால், கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? சோமனூரிலும் பல்லடத்திலும் பன்னிரண்டு மணி நேரம் விசைத்தறிச் சத்தத்தில் நிற்கிறவனுக்கு, “நன்றாகத் தூங்கு” என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? தனித் தம்ளர் வைத்த டீக்கடைகளைக் கண்ட கொங்கு நாட்டில், அந்தத் தம்ளரில் குடிக்க வைக்கப்பட்டவனிடம் போய் “நாலு பேரோடு கலந்து பழகு” என்று சொல்ல நமக்கு வாய் வருமா? புருஷன் செத்தவளைக் கலியாண வீட்டுக்கு வராதே என்று மூலையில் உட்கார வைத்துவிட்டு, “ஏன் முகம் வாடியிருக்கிறது?” என்று கேட்பது யோக்கியமா?

எனவே இந்த மருந்துகள் இல்லாமலில்லை. நாம் பூட்டி வைத்திருக்கிறோம். பெண்ணுக்கும் ஏழைக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் எட்டாமல் வைத்துவிட்டு, அவர்கள் சோர்ந்து விழுந்தால் விதி என்கிறோம். மருந்தில்லா வைத்தியத்தில் நோயாளி செய்ய வேண்டியது கால்பங்கு. வீட்டாரும் ஊராரும் முதலாளியும் செய்ய வேண்டியது முக்கால் பங்கு.

ஆகையால், வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுகிறேன். “தைரியமாயிரு” என்று சொல்லாதீர்கள். கால் ஒடிந்தவனிடம் “ஓடு” என்று சொல்வதற்குச் சமம் அது. அதற்குப் பதிலாக, புருஷன் குழந்தையை அரைமணி வாங்கி வைத்துக் கொண்டு அவளை அனுப்பட்டும். அல்லது கூடவே நடக்கட்டும். துணி மடிப்பதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ, ஒரு சின்னக் காரியத்தைச் சேர்ந்து செய்யுங்கள். நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழுப்புங்கள். சாராயம் துக்கத்தை மறக்கச் செய்வதாக நம்பிக் குடிக்கிறவனுக்கு, அது மறுநாள் துக்கத்தை வட்டியோடு கொண்டு வருகிறதென்று தெளிந்திருக்கும் போது சொல்லுங்கள். சங்கம் வைத்திருக்கும் தொழிலாளர்களே! கூலியையும் போனஸையும் கேட்பது போலவே, தூங்குவதற்கு நேரத்தையும் விடுதிக் கதவின் சாவியையும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மருந்தில்லா வைத்தியம் உண்டு என்றேனே தவிர, மருந்து வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டையே விட்டவர்கள், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லுகிறவர்கள், சில மாதம் சோர்ந்தும் சில மாதம் அளவுக்கு மீறித் துள்ளியும் திரிகிறவர்கள், பிள்ளை பெற்ற சில நாளில் நிலை தடுமாறும் தாய்மார்கள், சாக வேண்டுமென்கிறவர்கள் ஆகியோரை நடக்கச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். தைராய்டு கெட்டாலும் இரத்தம் குறைந்தாலும் மனம் சோருமாதலால் அவற்றையும் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்டோ, வேறு எவன் பேச்சைக் கேட்டோ திடீரென்று நிறுத்தி விடாதீர்கள். சர்க்கரை வியாதிக்காரன் நடக்கவும் நடக்கிறான், மருந்தும் சாப்பிடுகிறான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. இதில் மாத்திரம் வெட்கமென்ன?

2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்து கொண்டதாகச் சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. உங்கள் வீட்டில் ஒருவர் மேல் சந்தேகமிருந்தால், “சாகலாமென்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று பாரம் இறங்கும். தோட்டத்து மருந்துகளைப் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற சர்க்கார் டெலிபோன் எண்ணிலும் 104-லும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கோவை சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனப் பாரத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுவதால், போலீசுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை.

நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் தெருவில் கதவடைத்துக் கிடக்கும் ஒருவர் பெயர் இப்பொழுதே உங்களில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். நாளை மாலை அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, “வா, கொஞ்சம் நடந்து வருவோம்” என்று கூப்பிடுங்கள். முதல் நாள் வரமாட்டார். மறுநாளும் போய்க் கூப்பிடுங்கள். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, பிறகு நான் சொன்னது சரியா தப்பா என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.