குருத்தணு வளர்ப்போர்

தென்னைக்குக் குருத்துப் போனால் மரமே போயிற்று என்பது தோப்பு வைத்திருப்போர் அனைவரும் அறிந்ததே. ஓலையும் பாளையும் அந்த ஓரிடத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். நம் உடம்பிலும் அத்தகைய அணுக்கள் உண்டு. ஸ்டெம் செல் எனப்படும் அவற்றுக்குக் குருத்தணு என்று தமிழில் பெயரிட்டவர் நல்ல செவி படைத்தவர். தாமும் பெருகி, வேறு வகை அணுக்களையும் ஈனவல்லவை அவை. எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் இரத்த அணுக்களைப் பெற்றுத் தந்துகொண்டே இருக்கின்றன. கருவின் தொடக்க நாட்களில் உள்ளவையோ உடம்பின் எந்த உறுப்புக்குரிய அணுவாகவும் ஆகக்கூடியவை.

இவற்றைப் பற்றிய அதிசயச் செய்திகளை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அன்றாடம் நடக்கும் வேலையைப் பற்றி. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவனுக்குப் பரிசு பெற்ற மாணவனைக் காட்டிலும் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதிலேதான் ஆவல் மிகுதி.

உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கிண்ணம். அதில் இளஞ்சிவப்பான ஊட்டநீர். அடியில் ஒட்டிக் கிடக்கும் அணுக்கள். 37 டிகிரி வெப்பமும் 5 சதவிகிதம் கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் அவற்றை வளர்க்கிறார்கள். நீர் மஞ்சளித்தால் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை வார்க்க வேண்டும். இதை ஏறக்குறைய நாள்தோறும் செய்தாக வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை என்பது அணுவுக்குத் தெரியாது. கைகளை எரிசாராயத்தால் துடைத்துக்கொண்டு, வடிகட்டிய காற்று வீசும் மேடையின்முன் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு பூஞ்சை வித்து விழுந்தால் பல வாரத்து உழைப்பு குப்பைக்குப் போகும். அணுக்கள் நெருங்கிவிட்டால் பிரித்து வேறு கிண்ணங்களில் இடவேண்டும். நாற்றைப் பிடுங்கி நடுவது போலத்தான்.

முதிர்ந்த அணுவை மீண்டும் குருத்தாக்க முடியுமா என்பது நெடுநாளைய கேள்வி. அதற்கு வழி திறந்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். ஈட்டன் பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களுள் கடைசி மாணவர் அவர். இப்பையன் விஞ்ஞானியாக எண்ணுவது நகைப்புக்குரியது என்ற கருத்துப்பட 1949-இல் அவருடைய ஆசிரியர் அறிக்கை எழுதினார். அதைச் சட்டமிட்டுத் தம் அறையில் மாட்டி வைத்திருந்தார் கர்டன். (தேர்ச்சி அறிக்கை எழுதும் ஆசிரியர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் நன்று.) தவளையின் தலைப்பிரட்டையிலிருந்து குடலணுவின் உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டையில் வைத்தார், அதிலிருந்து புதிய தலைப்பிரட்டை வளர்ந்தது. இதை அவர் வெளியிட்டது 1962-இல்.

அதே ஆண்டில் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தவர் ஷின்யா யமனாக்கா. எலும்பு மருத்துவராகத் தொடங்கிய அவர், அரை மணியில் முடிய வேண்டிய அறுவைக்கு ஒரு மணிக்குமேல் எடுத்துக்கொள்வாராம். அதனால் உடனிருந்தோர் அவரை 'ஜமனாக்கா' என்று கேலி செய்தார்கள். ஜமா என்றால் அவர்கள் மொழியில் இடைஞ்சல். கத்தியை வைத்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். முட்டையும் கருவும் இல்லாமலே சாதாரண அணுவைக் குருத்தணுவாக்கத் துணிந்தார். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் கசுதோஷி தகஹாஷி, பொறியியல் படித்துவிட்டு வந்தவர்.

24 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்து, சுண்டெலியின் நார்த்திசு அணுக்களில் ஒவ்வொன்றாகச் செலுத்தினார்கள். ஒன்றும் நிகழவில்லை. இருபத்து நான்கையும் சேர்த்துச் செலுத்தியபோது சில கூட்டங்கள் முளைத்தன. ஆனால் அவற்றுள் வேண்டியவை எவை? நான்கு நான்காகச் சேர்த்துப் பார்ப்பதென்றால் அதற்கு மட்டும் 10,626 வகைகள் உண்டு. உயர்நிலை வகுப்புக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். தகஹாஷி கணக்கைத் திருப்பிப் போட்டார். ஒரு கிண்ணத்தில் ஒன்றை விட்டு மீதி 23. அடுத்த கிண்ணத்தில் வேறொன்றை விட்டு மீதி 23. எதை விட்டால் முளை காணாமற் போகிறதோ, அது தேவையானது. இவ்வாறு பத்துத் தேறின. அந்தப் பத்தையும் இம்முறையில் வடிகட்ட, நான்கு எஞ்சின.

யமனாக்கா உடனே முரசறையவில்லை. மீண்டும் மீண்டும் செய்து பார்க்கச் சொன்னார். தென் கொரியாவில் ஒரு குழு வெளியிட்ட குருத்தணு முடிவுகள் பொய்யெனத் தெரிந்து நீக்கப்பட்டது 2006 ஜனவரியில். கியோட்டோ முடிவு வெளிவந்தது அவ்வாண்டு ஆகஸ்டில். நான்கு மரபணுக்களையும் ஏற்ற அணுக்களிலும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே மாறின. மறு ஆண்டு மனித அணுவிலும் இது கைகூடிற்று. 2012-இல் கர்டனும் யமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் நாட்டில் சிலர் இந்தப் புகழைக் காட்டிக் கடை விரித்திருக்கிறார்கள். மூட்டுவலி முதல் மூளை நோய் வரை குருத்தணு தீர்க்கும் என்ற விளம்பரத்தை நம்பி நிலத்தை விற்க முனையும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். இரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் மஜ்ஜைக் குருத்தணு மாற்று நிலைபெற்ற சிகிச்சை. மற்றவை ஆராய்ச்சி நிலையில் உள்ளவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஆராய்ச்சிக்கு உட்படும் நோயாளியிடம் அதற்கு விலை கேட்பது தகாது.

ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்பதை ஜப்பானின் கோபே நகரத்தில் பார்க்கலாம். மசயோ தகஹாஷி என்னும் பெண் மருத்துவர், விழித்திரை நலிந்த, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரின் தோலணுக்களைக் குருத்தணுவாக்கி, அவற்றிலிருந்து விழித்திரையின் நிறமி அணுக்களை வளர்த்தார். 2014 செப்டம்பரில் மெல்லிய ஏடாக அவை கண்ணுள் வைக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின்பும் ஏடு அப்படியே இருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை; இதை அவர்கள் மறைக்காமல் அவ்வாறே எழுதி வெளியிட்டார்கள்.

இரண்டாவது நோயாளிக்கும் அணுக்கள் வளர்த்தாயிற்று. மரபணுக்களைச் சோதித்தபோது, முன்பில்லாத மாறுதல்கள் சில தென்பட்டன. அவை தீங்கு செய்யும் என்பதற்கு நிரூபணமில்லை. செய்யாது என்ற உறுதியும் இல்லை. பார்வையோ நாளுக்கு நாள் மங்குகிறது. கண்ணாடி மாற்றிக்கொண்டே போகும் வயதில் இருப்பவன் நான். அப்படிக் காத்திருப்பது எத்தகையது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆயினும் அவர்கள் அந்த ஏட்டை வைக்கவில்லை. 2015-இல் சோதனையை நிறுத்தினார்கள். வேறொருவர் தானமாகத் தந்த அணுக்களிலிருந்து வளர்த்தவற்றைக் கொண்டு புதிய சோதனை தொடங்க 2017 மார்ச்சு ஆயிற்று.